கைதானவர் எங்கே? மதுரையில் கைது, சிறைப் பதிவுகளைத் தேடிக் கேட்டு வாங்கும் வழி

போன வருஷம் ஒரு நாள் இரவு பத்தரை மணி இருக்கும். வைகைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு டீக்கடையில் உட்கார்ந்திருந்த மகனை மஃப்டியில் வந்த நாலு பேர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "ரெண்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டோம் தம்பி, இங்கிட்டு யாரும் வரலைங்கிறாங்க. ஜெயிலுக்குத்தான் கொண்டு போயிருப்பாங்கன்னு அரசரடியில வந்து நிக்கிறோம். உள்ள விட மாட்டேங்குறாங்க."

அந்த நேரத்தில் மத்திய சிறை வாசலில் நின்று பயனில்லை. மாஜிஸ்திரேட் கையெழுத்திட்ட வாரன்ட் இல்லாமல் சிறைக்காரர்கள் யாரையும் உள்ளே எடுக்க மாட்டார்கள். பிடித்துப் போய் ஐந்து மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்தப் பையன் ஏதோ ஒரு ஸ்டேஷனில்தான் இருக்க வேண்டும்.

மதுரை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்க்கிறேன். இந்தத் தவறான வாசலில் நிற்பதை எத்தனையோ குடும்பங்களிடம் பார்த்துவிட்டேன். கைதான ஆள் போகிற பாதை அநேகமாக ஒன்றுதான்: ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, மாஜிஸ்திரேட், சிறை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு தாள் உண்டாகிறது. எந்தத் தாள் எந்த இடத்தில் இருக்கிறது, அதை யார் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்பதை, இதற்கு முன் கோர்ட் படி ஏறாதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு வெள்ளைத் தாள்

ஓடுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுதுங்கள். கைதானவரின் பெயர், அப்பா பெயர், வயது, முழு முகவரி. பிடித்த இடம், நேரம், வந்த வண்டியின் நம்பர், பார்த்தவர்கள் யார் யார். ஊரில் கூப்பிடும் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். போலீஸ் பதிவுகளில் 'என்கிற' என்று ஒரு சொல் வரும். செல்வம் என்கிற குட்டி என்று எழுதியிருப்பார்கள். ஆதாரில் செல்வகுமார் என்று இருக்கும். சிறையில் செல்வக்குமார் என்று ஏற்றியிருப்பார்கள். பின்னால் கணினியில் தேடும்போது ஓர் எழுத்து மாறியதால் 'பதிவு இல்லை' என்று வரும். எல்லா எழுத்து வடிவங்களையும், ஆங்கிலத்தில் எழுதினால் எப்படியெல்லாம் வரும் என்பதையும் இப்போதே குறித்து வைப்பது பின்னால் அலைச்சலைக் குறைக்கும்.

அடுத்து, பிடித்த இடம் யாருடைய எல்லை என்று பாருங்கள். மதுரையில் இரண்டு காவல் நிர்வாகங்கள் இருக்கின்றன. தல்லாகுளம், கரிமேடு, செல்லூர், தெப்பக்குளம், ஜெய்ஹிந்த்புரம் மாதிரியான நகர ஸ்டேஷன்கள் மாநகரக் காவல் ஆணையருக்குக் கீழே வரும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான், அலங்காநல்லூர் எல்லாம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குக் கீழே. ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய மனுவை எஸ்.பி. அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தவர்கள் உண்டு. குடும்பச் சண்டை, வரதட்சிணைப் புகார் என்றால் அந்தப் பகுதியின் அனைத்து மகளிர் காவல் நிலையத்தையும் விசாரியுங்கள். திருட்டு வழக்குகளில் தனிப்படையினர் பிடித்திருந்தால், பிடித்த இடத்து ஸ்டேஷனில் ஆள் இருக்கமாட்டார். வழக்கு எந்த ஸ்டேஷனிலோ அங்கேதான் இருப்பார்.

முதல் 24 மணி நேரம்

கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், கோர்ட்டில் எல்லோரும் சொல்கிற பி.என்.எஸ்.எஸ்.-இல், இது 58-ஆம் பிரிவு. நீங்கள் பதிவு கேட்பதற்கு உதவுகிற பிரிவுகள் அதில் வேறு சில இருக்கின்றன. அவற்றின் எண்களைத் தெரிந்துகொண்டு போனால், ஸ்டேஷனில் பதிவேடுகளை எழுதி வைக்கிற ரைட்டர் உங்களிடம் பேசுகிற விதமே மாறும்.

பிரிவு 36: கைது செய்யும்போதே அரெஸ்ட் மெமோ, அதாவது கைதுக் குறிப்பு, எழுத வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியின் மரியாதைக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். பிரிவு 48: கைதானவர் சொல்கிற உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தகவல் சொல்ல வேண்டும், யாருக்குச் சொன்னோம் என்பதை ஸ்டேஷனில் அதற்கென்றுள்ள புத்தகத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவு இருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் பார்த்தாக வேண்டும். பிரிவு 37: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை ஒன்றும், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உதவி சார்பு ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) நிலைக்குக் குறையாத ஒரு பொறுப்பு அதிகாரியும் இருக்க வேண்டும். கைதானவர்களின் பெயர், முகவரி, என்ன குற்றம் என்ற விவரம் ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும். இந்த விதிகளுக்கெல்லாம் வேர் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த டி.கே. பாசு தீர்ப்பு.

நடைமுறை எப்படியென்றால், வாசலில் பாரா நிற்கிற காவலர் "ஐயா இல்லை, காலையில வாங்க" என்பார். அவரோடு வாக்குவாதம் வேண்டாம். "ரைட்டர் ஐயாவைப் பார்க்கணும், என் மகன் பெயர் கைது பட்டியலில் இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று நிதானமாகக் கேளுங்கள். இருக்கிறது என்றால் மூன்றை வாங்கிக்கொள்ளுங்கள்: ஸ்டேஷன் பெயர், குற்ற எண், ஆண்டு. 'கிரைம் நம்பர் இத்தனை பார் இத்தனை' என்று சொல்வார்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் அடுத்து போகிற ஒவ்வொரு இடத்திலும் கதவு திறக்கும். என்ன செக்‌ஷன் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இல்லை என்று சொன்னால், வாய்ப்பேச்சோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். 100-க்கோ 112-க்கோ கூப்பிட்டுக் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். கூப்பிட்ட நேரம் போனில் இருக்கும். அதன்பிறகு எழுத்தில் ஒன்று அனுப்ப வேண்டும். என் பழைய வக்கீல் ஐயா இந்த மாதிரி ராத்திரிகளில் முதலில் தந்தி ஆபீசுக்குத்தான் என்னை ஓட விடுவார். 'இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இன்னாரைப் பிடித்தீர்கள், சட்டப்படி நடத்துங்கள்' என்று எஸ்.பி.க்கு ஒரு தந்தி. தந்தியில் நேரம் விழும். பின்னால் "நாங்கள் மறுநாள் காலையில்தான் கைது செய்தோம்" என்று வழக்கில் எழுதினால், முதல் நாள் ராத்திரியே தந்தி வந்திருக்கிறதே என்று கேட்கலாம். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனது. இப்போது அந்த வேலையை மின்னஞ்சல் செய்கிறது. ஆணையருக்கோ எஸ்.பி.க்கோ அன்றிரவே அனுப்புங்கள். மறுநாள் காலை அதையே பதிவுத் தபாலில் ஒப்புதல் அட்டையோடு போடுங்கள்.

அந்த அம்மாவுக்கும் இதைத்தான் செய்தோம். சிறை வாசலுக்கு எதிரே ஒரு பூட்டிய கடைத் திண்ணையில் உட்கார்ந்து அவருடைய மருமகள் போனில் எழுதினார். நான் வார்த்தை சொன்னேன். இரவு 11.10-க்கு மின்னஞ்சல் போனது. மறுநாள் அந்தப் பையன் மூன்றாவதாக ஒரு ஸ்டேஷனில் இருப்பது தெரியவந்தது. அரெஸ்ட் மெமோவில் கைது நேரம் அன்று காலை ஆறு மணி என்று இருந்தது. டீக்கடையில் பிடித்த நேரத்துக்கும் அதற்கும் நடுவே பன்னிரண்டரை மணி நேரம் எந்தத் தாளிலும் இல்லை. அந்த இடைவெளிக்கு இருந்த ஒரே சாட்சி அந்த 11.10 மின்னஞ்சல். ரிமாண்டின்போது, அதாவது பையனைக் காவலில் வைக்க உத்தரவு கேட்டு ஆஜர்படுத்தியபோது, வக்கீல் அதன் நகலை மாஜிஸ்திரேட் முன் வைத்தார்.

இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கைதுக்கான காரணங்கள் எழுத்தில். என்ன குற்றப் பிரிவு என்று ஒரு வரி சொன்னால் போதாது. எந்தக் குற்றமானாலும் கைதின் காரணங்களை, கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்றும், உடனே தர முடியாவிட்டால் ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது தர வேண்டும் என்றும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் சொல்லியிருக்கிறது. ஜாமீனுக்குப் போகும்போது வக்கீல் முதலில் தேடுகிற தாள் இது.

அடித்திருப்பார்கள் என்ற பயம் இருந்தால், சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி எஸ்.பி.க்கோ ஆணையருக்கோ தனியாக ஒரு மனு கொடுங்கள். ஸ்டேஷன் கேமரா பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் ஒரு வருடமாவது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதே வருடம் ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், கேமரா பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை தந்தார். தடயங்களைக் காப்பாற்ற அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் எடுக்கச் சொன்னது நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். ஆகவே மனுவைத் தள்ளிப் போடாதீர்கள். தேதி, நேரம், எந்த அறை, எந்த வாசல் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

24 மணி நேரம் தாண்டியும் ஆள் எங்கே என்று தெரியவில்லை என்றால் பதிவு தேடுகிற கட்டம் முடிந்துவிட்டது. ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போட வேண்டும். வக்கீல் வைக்கக் காசில்லாவிட்டால் 15100 என்ற சட்ட உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கும் நேரே போகலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம்.

பெரியாஸ்பத்திரித் தாள்

ரிமாண்டுக்கு முன் கைதானவரை அரசு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 53-ஆம் பிரிவின்படி அந்த அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்கிற ஆளுக்கோ மருத்துவர் தர வேண்டும். இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. காயம் இருந்து அரசு ராஜாஜி மருத்துவமனையில் பார்த்திருந்தால் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், என்று ஒன்று இருக்கும். காயம் எப்படிப்பட்டது, எத்தனை, நோயாளி என்ன சொன்னார், யார் கூட்டி வந்தார்கள், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோர்ட்டில்

மாஜிஸ்திரேட் முன் நிறுத்திய நிமிஷத்திலிருந்து தேட வேண்டிய இடம் கோர்ட். மாநகர வழக்குகள் பெரும்பாலும் மாவட்டக் கோர்ட் வளாகத்துக்கு வரும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பகுதிகளுக்கு அங்கங்கே கோர்ட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல் என்றால் பொறுப்பு மாஜிஸ்திரேட்டின் வீட்டில் ஆஜர்படுத்துவார்கள். அன்றைக்கு யார் பொறுப்பு என்பது கோர்ட் வேலை பார்க்கும் ஏட்டுக்குத் தெரியும். அவரிடம் "ஏட்டையா, இந்தக் கிரைம் நம்பருக்கு ரிமாண்ட் ஆயிடுச்சா, எந்த ஜெயில்?" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

எஃப்.ஐ.ஆர். வாங்க மூன்று வழி. புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் ஸ்டேஷனிலேயே இலவசமாகத் தர வேண்டும். மற்றவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு, எண் கொடுத்துப் பார்க்கலாம். 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு. தளத்தில் தேடும்போது மதுரை மாநகரம், மதுரை மாவட்டம் என்று இரண்டையும் பாருங்கள். பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்ற வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். அங்கே இருக்காது; இருக்கவும் கூடாது. மூன்றாவது வழி, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் கோர்ட்டில் நகல் மனு. அதே 2016 உத்தரவின்படி இரண்டு வேலை நாளுக்குள் கிடைக்க வேண்டும்.

புகார் கொடுத்தபோது கிடைத்த சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பலர் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அது மனு பெற்றதற்கான ரசீது மட்டும். சி.எஸ்.ஆர். நிலையில் யாரும் கைதாகியிருக்க மாட்டார்கள்.

கோர்ட்டில் கேட்க வேண்டிய முக்கியமான தாள்கள் ரிமாண்ட் ரிப்போர்ட், அரெஸ்ட் மெமோ, ரிமாண்ட் உத்தரவு. இவற்றைச் சான்றிட்ட நகலாக வாங்குவதற்கு நகல் மனு போட வேண்டும்: வழக்கு எண் அல்லது குற்ற எண், எந்தத் தேதியிட்ட எந்த ஆவணம், நீங்கள் வழக்கில் யார், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். நீங்கள் வழக்கில் தரப்பினர் இல்லை என்றால், ஏன் வேண்டும் என்று விளக்கி ஒரு பிரமாணப் பத்திரமும் சேர்த்து அனுமதி கேட்க வேண்டும். கோர்ட் ஆவணங்களை ஆர்.டி.ஐ.யில் (தகவல் உரிமைச் சட்டத்தில்) கேட்டு அலையாதீர்கள். கோர்ட் விதிகளின்படி நகல் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

வீட்டிலிருந்தே பார்க்க இ-கோர்ட்ஸ் செயலி இருக்கிறது. அதில் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கொடுத்தும் தேடலாம், பெயரைக் கொடுத்தும் தேடலாம். பெயரில் தேடும்போது முழுப் பெயரைப் போடாமல் முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டு, அப்பா பெயரை வைத்துச் சரிபாருங்கள். வழக்கு கிடைத்தால் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். நம்பர் வரும், அதைக் குறித்துக்கொண்டால் வாய்தா தேதிகள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். குற்றப்பத்திரிகை வராத வழக்கு அதில் தெரியாமல் போகலாம். ஜாமீன் மனு போட்டிருந்தால் அது தனி எண்ணில் வரும். மதுரைக் கிளையில் போட்ட மனுவாக இருந்தால் எண்ணோடு எம்.டி. என்ற இரண்டு எழுத்து ஒட்டியிருக்கும்.

குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்கு வந்த பின் அதன் நகலையும் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கட்டணமில்லாமல் தர வேண்டும். இதற்குத் தனியாக யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சிறையில் ஆளைக் கண்டுபிடிப்பது

ஆண்களை ரிமாண்ட் செய்தால் எல்லோரும் அரசரடி மத்திய சிறைக்கு வருவதில்லை. கிளைச் சிறைகளுக்கும் போவார்கள். பெண்களுக்கு மதுரையில் தனிச் சிறை இருக்கிறது. 18 முதல் 21 வயதுக்காரர்களை, இளைஞர்களுக்கான சீர்திருத்தச் சிறையான பார்ஸ்டல் பள்ளிக்கு அனுப்புவது உண்டு. 18 வயதுக்குக் கீழே என்றால் சிறையே கிடையாது, கூர்நோக்கு இல்லம். அந்தப் பதிவுகள் ரகசியம், பெற்றோரும் அவர்களுடைய வக்கீலும்தான் கேட்க முடியும்.

சிறையில் ஒருவரைப் பார்க்கப் போவதை இங்கே 'மனு பார்ப்பது' என்பார்கள். ஆதார் அட்டை அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் இ-பிரிசன்ஸ் தளத்தில் இ-முலாகாத் என்ற பகுதியில் முன்பதிவு செய்யலாம்: உங்கள் விவரம், கைதியின் பெயர், அவருடைய அப்பா பெயர், வயது, உறவு, எந்தச் சிறை. இங்கேதான் அந்த வெள்ளைத் தாளில் எழுதிய எழுத்து வடிவங்கள் உதவும். அந்த அம்மாவின் மருமகள் ஆதாரில் இருந்த பெயரைப் போட்டபோது இரண்டு முறை மனு தள்ளுபடியானது. ரிமாண்ட் உத்தரவில் இருந்த பெயரை எழுத்துப் பிசகாமல் போட்டதும் ஏற்றுக்கொண்டார்கள். சிறையின் பதிவு ஆதாரைப் பார்த்து எழுதப்படுவதில்லை, வாரன்டைப் பார்த்து எழுதப்படுகிறது.

முதல் முறை பார்க்கும்போதே கைதி எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வக்கீலை நியமிக்கிற வக்காலத்தில் கையெழுத்து வாங்க, மருந்து கொடுக்க, கடிதம் எழுத, எல்லாவற்றுக்கும் அந்த எண் வேண்டும். வக்காலத்தைச் சிறை அலுவலகத்தில் கொடுத்தால் கைதியிடம் கையெழுத்து வாங்கி, சிறை அதிகாரி சான்றிட்டுத் தருவார்.

சிறையிலிருந்து வாங்க வேண்டிய பதிவுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது காவலில் இருந்த காலத்துக்கான சான்று. எந்தத் தேதி உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார், மொத்தம் எத்தனை நாள் என்று சிறைக் கண்காணிப்பாளர் தருகிற தாள். இதன் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. விசாரணைக் கைதியாக இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்க (பி.என்.எஸ்.எஸ். 468) இது வேண்டும். அதைவிட, 479-ஆம் பிரிவுக்கு வேண்டும்: இதற்கு முன் தண்டனை பெறாத ஒருவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைச் சிறையிலேயே கழித்துவிட்டால் கோர்ட் அவரைப் பிணையில் விட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதிக் காலம். தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. அந்தக் காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. ஜாமீன்தாரர் கிடைக்காமல், வக்கீல் வராமல், நாளை எண்ணிக்கொண்டு உள்ளே கிடக்கிறவர்களை நினைத்தால் மனசு கனக்கும். உங்கள் வீட்டு ஆள் அப்படி இருந்தால் நாட்காட்டியை எடுத்து நீங்களே கணக்குப் போட்டு, கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதுங்கள்.

ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வரவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். வேறொரு வழக்கில் பி.டி. வாரன்ட், அதாவது சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காகக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் உத்தரவு, இருக்கலாம். அல்லது குண்டாஸ், அதாவது விசாரணை இல்லாமலே தடுத்து வைக்க இடம் தரும் 1982-ஆம் ஆண்டு தமிழ்நாடு 14-ஆம் சட்டம், போட்டிருக்கலாம். மாநகரம் என்றால் ஆணையரும் ஊர்ப்புறம் என்றால் மாவட்ட ஆட்சியரும் அந்த உத்தரவைப் போடுவார்கள். அதிகபட்சம் 12 மாதம். உத்தரவின் காரணங்களையும் அதற்கு ஆதாரமான ஆவணங்களையும் ஒரு கட்டாகக் கைதியிடமே கொடுப்பார்கள். அந்தக் கட்டை அவரிடமிருந்து முழுசாக வாங்குங்கள், ஒரு பக்கம் விடாமல். படிக்க முடியாத நகல், தமிழாக்கம் இல்லாத பக்கம் இருக்கிறதா என்று வக்கீல் பார்ப்பார். ஆட்கொணர்வு மனுவில் அதெல்லாம் வலுவான வாதம்.

தகவல் உரிமைச் சட்டம்

மேலே சொன்ன வழிகளில் கிடைக்காதவற்றுக்கு ஆர்.டி.ஐ. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்பாகவே ஒட்டலாம். தமிழக அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்திலும் அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில். ஆகவே காவலில் இருப்பவரைப் பற்றிக் கேட்கும்போது, விண்ணப்பத்தின் உச்சியிலேயே '7(1) பிரிவின்படி 48 மணி நேரத்தில் தர வேண்டிய தகவல்' என்று எழுதி அடிக்கோடிடுங்கள்.

'என் மகனைப் பற்றிய எல்லா விவரமும் தரவும்' என்று எழுதினால் ஒன்றும் வராது. பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். இப்படி எழுதலாம்:

'தங்கள் எல்லைக்குட்பட்ட இன்ன காவல் நிலையத்தில், இன்ன தேதி மாலை 5 மணி முதல் மறுநாள் பகல் 12 மணி வரையிலான பொது நாட்குறிப்பின் நகல். அதே காலத்தில் கைதானவர்கள் பற்றி பி.என்.எஸ்.எஸ். 37-ஆம் பிரிவின்படி வைக்கப்பட்ட பட்டியலின் நகல். 48-ஆம் பிரிவின்படி உறவினருக்குத் தகவல் தந்ததைப் பதிந்த புத்தகத்தின் உரிய பக்கத்தின் நகல்.'

மாநகர ஸ்டேஷன் என்றால் ஆணையர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கும், ஊர்ப்புறம் என்றால் எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கும், சிறைப் பதிவு என்றால் மத்திய சிறைப் பொதுத் தகவல் அலுவலருக்கும் அனுப்புங்கள். இடம் மாறிப்போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

மறுப்பு இரண்டு விதமாக வரும். 'புலன் விசாரணையில் இருக்கிறது' என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டுவார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, தகவல் தந்தால் விசாரணைக்கு எப்படி இடைஞ்சல் வரும் என்று காட்ட வேண்டும் என டில்லி உயர் நீதிமன்றம் 2007-லேயே பகத் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் அதை எழுதுங்கள். 'தனிநபர் தகவல்' என்று 8(1)(ஜே) காட்டினால், நீங்கள் கைதானவரின் யார் என்பதையும், முடிந்தால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் வையுங்கள். முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள், அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம். இரண்டாவது 90 நாளுக்குள், சென்னையில் இருக்கும் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு.

வேறொருவர் மேல் வழக்கு இருக்கிறதா என்று பார்க்க

மாப்பிள்ளை பார்க்கிறவர்களும் வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். தெரிந்த போலீஸ்காரர் மூலம் 'உள்ளே பார்த்துச் சொல்லுங்க' என்று கேட்பது தப்பு. பார்த்துச் சொல்கிறவருக்கும் வேலைக்கு ஆபத்து. சம்பந்தப்பட்டவரையே தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சேவையில் விண்ணப்பித்து, தன் நன்னடத்தைச் சான்றை வாங்கித் தரச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் இ-கோர்ட்ஸில் பெயர் போட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் மதுரையில் நூறு பேர் இருப்பார்கள். அப்பா பெயரும் ஊரும் வயதும் ஒத்துப்போகாமல் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வழக்கு விடுதலையில் முடிந்ததா என்பதைக் கடைசித் தீர்ப்பைத் திறந்து படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்த ஒரே காரணத்தால் கல்யாணம் நின்று, பின்னால் விடுதலையான பையன்களை நான் பார்த்திருக்கிறேன். எஃப்.ஐ.ஆர். படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கத்தை நிறுத்துங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

பழைய பதிவுகள்

பத்து, இருபது வருடத்துக்கு முந்தைய வழக்கு என்றால் ஸ்டேஷனில் தேடுவதைவிடக் கோர்ட்டின் ரெக்கார்ட் பிரிவில் தேடுவது மேல். சி.சி., எஸ்.சி., எஸ்.டி.சி., பி.ஆர்.சி. என்று எந்த வகை எண் என்பதும் ஆண்டும் தெரிந்தால் நகல் மனு போடலாம். எண் தெரியாவிட்டால் பழைய ஜாமீன் உத்தரவு, வக்கீல் கடிதம், அபராதம் கட்டிய ரசீது என்று வீட்டுப் பெட்டியில் கிடக்கும் எந்தத் தாளிலாவது அது இருக்கும். எண்ணே இல்லாமல் வந்த ஒருவருக்கு, அவருடைய அப்பாவின் பழைய ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருந்த ரசீதிலிருந்து எண்ணை எடுத்தோம். மை மங்கியிருந்தது, வெயிலில் சாய்த்துப் பிடித்தபோதுதான் கடைசி இரண்டு இலக்கமும் தெரிந்தன.

சுதந்திரப் போராட்டத்தில் தாத்தா சிறை சென்றதற்கான பதிவைத் தேடுகிறவர்கள் மத்திய சிறையில் விண்ணப்பம் கொடுப்பதோடு, சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் எழுதுங்கள். பெயர், ஊர், எந்தப் போராட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு, எந்தச் சிறை என்று கொடுத்தால் தேட வசதியாக இருக்கும். அந்தக் காலத்துத் தாள்களில் நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். மதுரையையே 'மதுரா' என்றுதான் எழுதினார்கள். தேடும்போது அந்த எழுத்திலும் தேடச் சொல்லி விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள்.